இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

நவம்பர் கடைசியில் சூரியன்
வார்டோ தீவை விட்டுப் போய்விடும்.
போனால் ஜனவரியில்தான்.
அந்த வாரம் பார்த்து
மாலை வகுப்பில் இம்ப்ரெஷனிசம் வந்தது.

"ஒரே பொருள். காலையில் ஒன்று,
மதியம் ஒன்று, மாலையில் ஒன்று.
ஒளி மாறுவதை மட்டும் வரையுங்கள்."
மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
"எந்த மாலை?" என்றாள் தூர்பியோர்க்,
இருபது வருடம் இறால் உரித்தவள்.

நான் பேர்கனிலிருந்து வந்தவள்.
அங்கே மழை. சாம்பலில் நாற்பது வகை தெரியும்,
இருட்டில் ஒன்றுகூடத் தெரியாது.

துறைமுக விளக்கின் கீழே கிடந்த பனியை
ஆரஞ்சாகவே போட்டாள் அவள். சரி.
நிழலுக்குக் கறுப்பைப் பிதுக்கப் போன கையைப் பிடித்தேன்:
நிழலில் கறுப்பு கிடையாது,
நீலத்தில் கொஞ்சம் சுட்ட செம்மண் கலந்து பார்.
கலந்தாள். பார்த்தாள்.
"அப்போ வெளியே இருக்கிறது என்ன?"

க்யூபிசத்துக்கு ஒரு கூஜாவைக் கொண்டுபோனேன்.
மூன்று பக்கமிருந்து வரைந்து, கத்தரித்து, ஒட்டி,
"கூஜா நகரவில்லை, பார்க்கிற நாம்தான்
சுற்றி வருகிறோம்" என்றேன்.
ஐலு கொட்டாவி விட்டான். பதினேழு வயது,
விரல் இடுக்கில் பனி ஸ்கூட்டரின் கிரீஸ்.
ரிமாந்தாஸ் தலையாட்டினான்.
லித்துவேனியாக்காரன், மீன் ஆலையில் வேலை,
எங்கள் மொழியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம்
மீனின் உறுப்புகள்.

அடுத்த வியாழன் பனி ஒட்டிய செய்தித்தாளைப் பிரித்து
மேசைமேல் போட்டான் ஒரு ஹாலிபட்.
மேலே சேற்று நிறம், கீழே சுண்ணாம்பு வெள்ளை,
இரண்டு கண்ணும் ஒரே பக்கம்.
குஞ்சாய் இருக்கும்போது
பக்கத்துக்கு ஒன்று என்று விரலால் காட்டினான்.
பிறகு அந்த விரலையே
தன் நெற்றிமேல் மெதுவாக ஊர்ந்து வரச்செய்தான்,
ஒரு கண் தலையைத் தாண்டி
மறு கண்ணிடம் வந்து சேரும்வரை.
"கண்," என்றான். "நடக்கிறது."
ஐலு எழுந்து வந்தான்.
கூஜாவை அலமாரிக்குள் வைத்தேன்.

முதல் பூச்சு மெலிந்தது, டர்பன்டைன் கூடியது;
எண்ணெய் கூடியது அதன்மேல்.
மாற்றிப் போட்டால் மேல்தோல் வெடிக்கும்.
இதைப் பன்னிரண்டு தடவையாவது சொல்லியிருப்பேன்.
ஐலு காதில் வாங்கவில்லை.
ரொட்டியில் வெண்ணெய் மாதிரி
கத்தியால் வெள்ளையை அப்பிக்கொண்டிருந்தான்.
கண் இல்லை, துடுப்பு இல்லை,
மீனைப் புரட்டிப் போட்டு
அடிவயிற்றை மட்டும் வரைந்திருந்தான்,
வெள்ளைமேல் வெள்ளை.
"முடிந்ததா?"
"வயிற்றை யாரும் பார்ப்பதில்லை.
கடலடி மண்தான் பார்க்கும்."
இதற்கு ஒரு இயக்கம் உண்டு, ஆண்டு உண்டு, பெயர் உண்டு.
நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மாடலைத் தூர்பியோர்க் அறுத்தாள்.
ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்தால்
சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த படங்களில்
வெள்ளையெல்லாம் மஞ்சள்.
ஆளி எண்ணெய்க்கு இருட்டு ஆகாது.
புகையிலைப் பல் மாதிரி இருந்தது ஐலுவின் வயிறு.
கெட்ட பெயின்ட்டைத் தலையில் கட்டியவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
"வெளிச்சத்தில் வைத்தால் தெளியும்," என்றேன்.
புத்தகத்தில் படித்ததுதான். கண்ணால் கண்டதில்லை.

ஜனவரியில் ஒரு நண்பகல்
கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தது. சூரியன் முழுசாக வந்துவிட்டானாம்.
படங்களைத் தூக்கிக்கொண்டு தெற்கு ஜன்னலுக்கு ஓடினோம்.
பனிமேல் கிடந்தது நீல நிழல், கறுப்பே இல்லாமல்.
தூர்பியோர்க் பார்த்தாள்; என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
வெளிச்சம் கான்வாஸைத் தொட்டது,
உடனே மேகம்.
மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.
ரிமாந்தாஸ் சிரித்துவிட்டான்.

இப்போது பிப்ரவரி.
வகுப்பில்லாத நாளிலும் காலையில் வந்து
கோட்டைக் கழற்றும் முன் அந்த வயிற்றைப் பார்க்கிறேன்.
இன்று ஓரத்தில் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறது.
மஞ்சள்தான் போகிறதா,
என் கண்தான் பழகிவிட்டதா,
தெரியவில்லை.
ஐலுவிடம் இன்னும் சொல்லவில்லை.